பர்மாவில் யாருக்கும் யாருக்கும் சண்டை, நம் ஆட்கள் என்ன ஆனார்கள்?

சிவகங்கைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். அவருடைய தாத்தா 1964-ல் ரங்கூனில் கப்பலேறி ஊர் திரும்பியவர். தாத்தாவின் தம்பி மட்டும் வயலை விட மனமில்லாமல் பெகு பக்கம் தங்கிவிட்டார். "பர்மாவில் யாருக்கும் யாருக்கும்தான் சண்டை, அங்கே இருக்கும் தமிழர்களுக்கு என்ன பாதிப்பு, அவர்கள் ஏன் அப்போதே கிளம்பி வரவில்லை, இப்போது நான் போய்ப் பார்க்க முடியுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் மோன் மாநிலத்தில் நெல் விளையும் ஒரு கிராமத்தில் பிறந்தவன், இப்போது ரங்கூனில் இருக்கிறேன். ஊர்ப் பெயரும் என் பெயரும் வேண்டாம். நாலு வரி எழுதியதற்காக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகும் காலம் இது.

யாருக்கும் யாருக்கும் என்றால், ஒரு பக்கம் ராணுவம், மறுபக்கம் ஏறக்குறைய மற்ற எல்லோரும். இந்தியத் தொலைக்காட்சியில் இதை "இனக்குழுக்களின் மோதல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கரேன் மக்கள் 1949-லிருந்தும் கச்சின் மக்கள் 1961-லிருந்தும் ஆயுதம் ஏந்தியிருக்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் இப்போது நாடு முழுக்கப் பற்றி எரியும் போர் 2021 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூ சியின் கட்சி பெரிய வெற்றி பெற்றது. புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய அன்று விடியற்காலையில் தளபதி மின் ஆங் லைங் எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டார். ஜனங்கள் முதலில் சட்டி பானையைத் தட்டித்தான் எதிர்ப்புக் காட்டினார்கள், டாக்டர்களும் வாத்தியார்களும் ரயில்வேக்காரர்களும் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பதிலுக்குத் துப்பாக்கிதான் வந்தது, மார்ச் 27 ஒரே நாளில் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு அப்புறம்தான் பர்மியப் பையன்கள், அதுவரை ஆயுதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத கல்லூரிப் பிள்ளைகள், கரேன் காட்டுக்கும் கச்சின் மலைக்கும் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். ஏப்ரலில் தேசிய ஒற்றுமை அரசு என்று ஒரு மாற்று அரசு உருவானது, மே மாதம் மக்கள் பாதுகாப்புப் படை, செப்டம்பரில் போர் அறிவிப்பு. பெரும்பான்மை பர்மிய இனத்தின் ராணுவத்தை அதே பர்மிய இனத்துப் பிள்ளைகள் எதிர்த்து நிற்பது இந்த அளவுக்கு இதற்கு முன் நடந்ததில்லை. இன மோதல் என்று சொல்லும்போது விட்டுப்போவது இதுதான்.

இந்தப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சண்டையை ஒரு தட்டிலும் ஜனங்கள் படும் பாட்டை இன்னொரு தட்டிலும் வைக்கிறார்கள், முதலாவது நடந்து அதன் விளைவாக இரண்டாவது வந்ததுபோல. பர்மா ராணுவத்தின் விஷயத்தில் அது தவறான கணக்கு. 1960-களிலிருந்தே அதற்கு "நாலு வெட்டு" என்று ஒரு போர்முறை உண்டு. கிளர்ச்சிக்காரனுக்குப் போகும் சாப்பாடு, பணம், தகவல், புது ஆள் ஆகிய நாலையும் வெட்டுவது. இந்த நாலும் எங்கிருந்து வருகிறது? கிராமத்திலிருந்து. ஆகவே கிராமத்தை இல்லாமல் ஆக்கு, களஞ்சியத்தைக் கொளுத்து, பாதையை மறி, பையன்களைப் பிடி. முதலில் ஐராவதி டெல்டாவிலும் பெகு மலைத்தொடரிலும் செய்தார்கள், அப்புறம் பல பத்தாண்டுகளாகக் கரேன் மலைகளில். இப்போது பர்மிய இனத்தின் இதயம் என்று சொல்லப்படும் சகாயிங், மாக்வே பக்கமும் அதையேதான் செய்கிறார்கள். 2021-க்குப் பிறகு எரிக்கப்பட்ட வீடுகள் 1 லட்சத்துக்கும் அதிகம், அதில் பெரும்பங்கு சகாயிங்கில். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் 35 லட்சத்துக்கு மேல் என்று ஐ.நா. சொல்கிறது. ராக்கைன் மாநிலத்துக்கு 2023 நவம்பரிலிருந்து அரிசி, மருந்து, எண்ணெய் போகும் வழிகளை அடைத்து வைத்திருக்கிறார்கள், ஒரு வருடத்தில் அங்கே பஞ்சம் வரும் அளவுக்கு நிலைமை போய்விட்டதாக ஐ.நா. எச்சரித்தது. பட்டினி அங்கே ஒரு ஆயுதம், திட்டம் போட்டுப் பயன்படுத்தும் ஆயுதம்.

தரையில் ஆள் குறையக் குறைய அவர்கள் வானத்திலிருந்து அடிக்கிறார்கள். 2022 அக்டோபரில் கச்சின் மாநிலத்தில் இசை நிகழ்ச்சி நடந்த இடத்தில் குண்டு போட்டார்கள். 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங்கில் பாசீஜீ கிராமத்தில் ஒரு அலுவலகம் திறக்கக் கூடியிருந்த ஜனங்கள் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டு, அப்புறம் ஹெலிகாப்டரில் வந்து ஓடியவர்களையும் சுட்டதில் 160 பேருக்கு மேல் இறந்தார்கள், நிறையப் பேர் பெண்களும் குழந்தைகளும். 2025 மே மாதம் அதே சகாயிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தது, இருபது பிள்ளைகள் வரை போனார்கள். விமான எரிபொருள் கிடைப்பது கஷ்டமானதும் மோட்டார் கட்டிய பாராசூட்டில் பறந்து வந்து கையால் குண்டு போடுகிறார்கள். 2025 அக்டோபரில் தடிஞ்சுட் விளக்குப் பண்டிகைக்குக் கூடிய ஜனங்கள் மேல் அப்படித்தான் போட்டார்கள்.

சண்டைக்களத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2023 அக்டோபர் 27-ல் ஷான் மாநிலத்தில் மூன்று இனப்படைகள் சேர்ந்து ஒரே சமயத்தில் தாக்கின. 2024 ஆகஸ்டில் லாஷியோ விழுந்தது, ஒரு மண்டலத் தலைமையகமே ராணுவத்தின் கையைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. டிசம்பரில் ராக்கைனில் ஆன் நகரத்துத் தலைமையகமும் போனது. இதோ ராணுவம் விழப்போகிறது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் சீனா எல்லைக் கதவை மூடி நெருக்கடி கொடுத்தது, 2025 ஏப்ரலில் லாஷியோ பேச்சுவார்த்தையில் திரும்ப ராணுவத்திடமே போனது. 2025 டிசம்பர் 28-ல் தொடங்கித் தேர்தல் என்று ஒன்றையும் நடத்தினார்கள். சூ சியின் கட்சி கலைக்கப்பட்டு, நாட்டின் பெரிய பகுதியில் ஓட்டுப்பெட்டியே வைக்க முடியாமல் நடந்த அதைத் தேர்தல் என்று நான் ஏற்கமாட்டேன்.

சரி, நம் ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். பர்மாவில் தமிழர்களுக்கு என்று படை கிடையாது, மலை கிடையாது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒதுங்க ஒரு நிலமும் கிடையாது. ரங்கூன், பெகு, தாட்டோன், மோல்மீன் என்று ரயில் பாதையை ஒட்டிய சமவெளியில் நெல்லும் உளுந்தும் போட்டு, கடை வைத்து, லாரி ஓட்டிப் பிழைக்கிற ஜனங்கள். அதே சமவெளியின் கிழக்கு ஓரத்தில் கரேன் படையின் பகுதி ஆரம்பமாகிறது. பகலில் ராணுவம் வந்து "ராத்திரி யார் வந்தது?" என்று கேட்கும், ராத்திரி வேறு ஆள் வந்து "பகலில் யாருக்குச் சொன்னாய்?" என்று கேட்பான். எதிர்ப்புப் படைகளை நான் மனதார ஆதரிக்கிறேன், ஆனால் உளவாளி என்று சந்தேகப்பட்டு விசாரணை இல்லாமல் ஆளை முடிப்பதும், சாலைக்குச் சாலை வரி வாங்குவதும் அவர்கள் பக்கமும் நடக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னதாக ஆகும்.

எங்களை உடைத்துப்போட்டது 2024 பிப்ரவரி 10. அன்றுதான் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தார்கள். 2010-ல் எழுதித் தூங்க வைத்திருந்த சட்டம் அது. ஆண்கள் 18 முதல் 35 வயது, பெண்கள் 18 முதல் 27, டாக்டர், இன்ஜினீயர் போன்றவர்களுக்கு ஆண்களில் 45 வரை. இரண்டு வருடம் என்று சொன்னாலும் நெருக்கடி நிலையில் ஐந்து வருடம் வரை நீட்டிக்கலாம். வருடத்துக்கு 60,000 பேர் என்று கணக்கு. நடைமுறை எப்படி என்றால், வார்டு நிர்வாகி வீட்டுக்கு வீடு குடும்பப் பட்டியலை வைத்துப் பெயர் எடுப்பார், சில இடத்தில் குலுக்கல், சில இடத்தில் அவர் மனசு. பேர் வந்த வீட்டில் பணம் இருந்தால் வேறு ஒரு ஏழைப் பையனை விலைக்குப் பிடித்து அனுப்புகிறார்கள், இல்லாவிட்டால் சொந்தப் பிள்ளை போகவேண்டும். ராத்திரி நேரத்தில் "விருந்தாளிச் சோதனை" என்று கதவைத் தட்டி, பட்டியலில் இல்லாத ஆள் வீட்டில் தூங்குகிறானா என்று பார்ப்பார்கள். பஸ் நிறுத்தத்தில், டீக்கடை வாசலில் பிடித்துக்கொண்டு போன பையன்களும் உண்டு. 2025 தொடக்கத்திலிருந்து அந்த வயது ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போகவும் தடை வந்தது.

கோயில் திருவிழாவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தீமிதிக்குக் காப்புக் கட்ட வரிசையில் நிற்கும் பையன்கள் பாதியாகிவிட்டார்கள், காவடி தூக்க ஐம்பது வயதுக்காரர்கள் வருகிறார்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போய்விட்டவர்கள் ஒரு கூட்டம், தாய்லாந்துப் பக்கம் மே சோட் எல்லை ஊரில் பேப்பர் இல்லாமல் நிற்பவர்கள் ஒரு கூட்டம். வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு வருவதில்லை.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் குடியுரிமைதான். 1982 சட்டம் 1823-க்கு முன்பே இங்கே இருந்த இனங்களைத்தான் முழுக் குடிமக்கள் என்று ஏற்றது, மற்றவர்களை இணைக் குடிமகன், விண்ணப்பித்துப் பெற்ற குடிமகன் என்று கீழே தள்ளியது. இந்த மூன்று வகைக்கும் முறையே இளஞ்சிவப்பு அட்டை, நீல அட்டை, பச்சை அட்டை. மூன்றாம் தலைமுறைக்கு முழு உரிமை உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதை வாங்க அலுவலகத்துக்கு நடந்து, லஞ்சம் கொடுத்து, அட்டையில் "இந்தியர், இந்து" என்று அச்சடித்து வாங்கும் வரை எத்தனையோ பேருக்கு நாற்பது வயதாகிவிட்டது. பள்ளிச் சேர்க்கையில், அரசு வேலையில், நிலம் எழுதுவதில் நீ முழு ஆள் இல்லை என்று சொன்ன அதே அரசு, துப்பாக்கி தூக்க மட்டும் பட்டியலில் முழுப் பெயராக எழுதிக்கொள்கிறது. ரோஹிங்கியா மக்களுக்கு இதைவிடக் கொடுமை. 2017-ல் 7 லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு விரட்டிவிட்டு, நீ இந்த நாட்டுக்காரனே இல்லை என்று சொல்லிவிட்டு, 2024-ல் முகாமில் மிச்சமிருந்த பையன்களைப் பிடித்து ராக்கைனில் ராணுவத்தை எதிர்க்கும் அரக்கான் படைக்கு எதிரே முன்வரிசையில் நிறுத்தினார்கள்.

ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டீர்கள். முதலில் 1942-ஐப் பார்க்கவேண்டும். ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டதும் ஏறக்குறைய 4 லட்சம் இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள், தமு வழியாக மணிப்பூருக்கும், அரக்கான் மலை தாண்டிச் சிட்டகாங்குக்கும். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம். போகாமல் நின்றவர்கள் ஜப்பான்காரனிடம் மாட்டினார்கள். எங்கள் மாநிலத்தில் தன்பியூசாயட்டில்தான் ஜப்பான்காரன் தாய்லாந்திலிருந்து போட்ட சயாம் மரண ரயில் பாதை முடிகிறது, 415 கிலோமீட்டர், மலாயாத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் செத்த பாதை. அங்கே நேச நாட்டுப் படையினருக்கு 3,700-க்கு மேல் கல்லறைகள் அழகாகப் புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள், நம் ஆட்களுக்கு ஒரு கல்கூடக் கிடையாது, நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும்.

1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்து, 63, 64-ல் கடை, ஆலை, வங்கி எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கி, 50, 100 கியாட் நோட்டையும் செல்லாது என்றபோது 3 லட்சம் இந்தியர்கள் வரை வெளியேறினார்கள். உங்கள் தாத்தா அதில் ஒருவர். கப்பலில் ஏறும்போது காதில் மூக்கில் இருந்ததைக்கூட விடவில்லை என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். கடைக்காரர்களும் உத்தியோகக்காரர்களும்தான் பெரும்பாலும் போனார்கள். வயலில் இருந்தவனுக்குப் போக வழிச்செலவும் இல்லை, போனால் அங்கே காத்திருக்கும் வயலும் இல்லை. போனவர்களிலும் சிலருக்குத் தமிழ்நாட்டில் ஒட்டவில்லை, தரை வழியாகத் திரும்ப பர்மாவுக்கே வரப் பார்த்து எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் குடியேறினார்கள். அங்கே சங்கம், கோயில், பள்ளி எல்லாம் கட்டினார்கள். 2022 ஜூலையில் அந்த மோரேத் தமிழர்கள் இரண்டு பேர் எல்லை தாண்டித் தமுவுக்கு வந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் மே மாதம் மணிப்பூர்க் கலவரத்தில் மோரேயும் எரிந்தது. அந்த ஜனங்களுக்கு இரண்டு பக்கமும் நெருப்பு.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. உங்கள் ஊரில் இட்லிக்குப் போடும் உளுந்தில் ஒரு பங்கு எங்கள் வயலில் விளைந்தது. இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி பர்மா உளுந்துதான், 2021-ல் வருடம் 2,50,000 டன் என்று இரு அரசுகளும் ஒப்பந்தமே போட்டன. பெகுவிலும் ஐராவதியிலும் நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் பறிப்போம். இப்போது பறிக்க ஆள் இல்லை. டீசலும் உரமும் வாங்கக் கை எட்டவில்லை, ஏனென்றால் போருக்கு முன் டாலருக்கு 1,300 கியாட் சொச்சமாக இருந்தது, 2024-ல் வெளிச்சந்தையில் 6,000-த்தைத் தாண்டிப் போய்வந்தது. கரேன் பகுதியை ஒட்டிய வயல்களில் இதைவிடப் பெரிய பயம் கண்ணிவெடி. பிளாஸ்டிக்கில் செய்த சின்ன வெடி, மழைக்காலத்தில் வெள்ளம் அதை இடம் மாற்றிவிடும், நேற்று நடந்த வரப்பு இன்று பாதுகாப்பில்லை. மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்கும் பெண், பந்து எடுக்க ஓடும் பிள்ளை என்று 2023-ல் மட்டும் 1,003 பேர் கண்ணிவெடியிலும் வெடிக்காத குண்டிலும் கால் இழந்தோ உயிர் இழந்தோ போனார்கள், உலகத்திலேயே அந்த வருடம் அதிக எண்ணிக்கை இந்த நாட்டில்தான். ராணுவமும் புதைக்கிறது, எதிர்ப்புப் படைகளும் புதைக்கின்றன, எங்கே புதைத்தோம் என்ற வரைபடம் யாரிடமும் ஒழுங்காக இல்லை. நாளைக்கே சமாதானம் வந்தாலும் எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இது வெடிக்கும்.

மலைப் பக்கம் வேறு ஒரு அழிவு. கச்சின் மாநிலத்தில் சிப்வி, பங்வா வட்டாரத்தில் அரிய மண் தாதுக்கள் கிடைக்கின்றன. மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய டிஸ்புரோசியம், டெர்பியம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மலையில் வரிசையாகத் துளை போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே செலுத்துவார்கள், அது தாதுவைக் கரைத்துக்கொண்டு அடிவாரத்துக் குட்டையில் வந்து சேரும், எடுத்தது போக மிச்சம் ஓடைக்குப் போகும். மலை பொலபொலத்துச் சரியும், ஓடையில் மீன் இருக்காது. ராணுவத்தோடு சேர்ந்த குழு கையில் இருந்த அந்த இடத்தை 2024 அக்டோபரில் கச்சின் படை பிடித்தது. சுரங்கம் நிற்கவில்லை, வரி வாங்கும் கைதான் மாறியது. துப்பாக்கி வாங்கப் பணம் வேண்டும், பணம் மலைக்குள் இருக்கிறது, வாங்குகிற சீனக் கம்பெனிக்கு யார் ஆட்சி என்ற கவலை இல்லை. ஷான் மாநிலத்திலிருந்து தாய்லாந்துக்கு ஓடும் கோக் ஆற்றில் 2025-ல் ஆர்செனிக் அளவுக்கு மேல் இருப்பதைத் தாய்லாந்து அதிகாரிகள் சோதித்துச் சொன்னார்கள், சியாங் ராயில் ஜனங்கள் ஆற்றில் இறங்கவே பயப்படுகிறார்கள். தங்கம் தோண்டுவதும், தேக்கு வெட்டுவதும், கசகசாச் செடி போடுவதும் எல்லாம் இதே கணக்குதான். 2023-ல் ஆப்கானிஸ்தானைத் தாண்டி அபின் உற்பத்தியில் பர்மா முதலிடத்துக்கு வந்தது, அரிசி விற்க வழி இல்லாத மலை விவசாயிக்கு வாசலில் வந்து வாங்கும் பயிர் அது ஒன்றுதான்.

2025 மார்ச் 28-ல் மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூகம்பம் வந்து 3,700 பேருக்கு மேல் இறந்த வாரத்தில்கூட விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுத்தான் போனது. இதற்கு மேல் அந்த ராணுவத்தைப் பற்றி நான் விளக்க ஒன்றுமில்லை.

கடைசிக் கேள்வி, வந்து பார்க்கலாமா என்பது. ரங்கூன் வரை விமானத்தில் வரலாம், மின்சாரம் பாதி நேரம் இருக்காது, மற்றபடி நகரத்துக்குள் கோயிலுக்கும் கடைவீதிக்கும் போய்வரலாம். பெகுவுக்கு அப்பால் கிராமத்துக்குப் போகாதீர்கள். உங்களுக்கு வரும் ஆபத்தைவிட, வெளிநாட்டு ஆள் வந்து தங்கினான் என்பதற்காக அந்தக் குடும்பத்துக்கு வரும் தொல்லை பெரிது. மோரே, தமு வழியாகவோ தாய்லாந்து எல்லை வழியாகவோ உள்ளே நுழையும் யோசனையே வேண்டாம். அப்புறம் உங்கள் வயதுப் பையன்களிடம் ஒன்று சொல்லுங்கள். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று வரும் ஏஜென்ட் பேச்சை நம்பி வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளை, மே சோட்டுக்கு எதிரே பர்மா பக்கம் இருக்கும் மியாவடிக்குக் கடத்திக்கொண்டு போய், துப்பாக்கி முனையில் இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 பேரை மீட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள், அதற்குப் பிறகும் ஆட்கள் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மே சோட் என்ற பெயரோ மியாவடி என்ற பெயரோ வேலைக் கடிதத்தில் இருந்தால் வீட்டை விட்டே கிளம்பாதீர்கள்.

உறவைத் தேட வேறு வழி இருக்கிறது. தாத்தாவின் தம்பி பெயர், அவர் அப்பா பெயர், இருந்த கிராமம், அந்த ஊர்க் கோயில் எந்தச் சாமி, தமிழ்நாட்டுச் சொந்த ஊர் எது, இதை எல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளியில் பர்மியப் பெயர்தான் இருக்கும், தமிழ்ப் பெயரை வைத்து அரசு ஏட்டில் தேடினால் கிடைக்காது, ஆனால் கோயில் கமிட்டிக்காரர்களுக்கு எந்த வீடு எந்த ஊர்க்காரர் என்று தெரியும். ரங்கூனில் உள்ள தமிழ்க் கோயில்கள் வழியாக விசாரித்தால் பெகு வட்டாரத்துக்குச் சேதி போய்ச் சேரும். கிடைத்த பிறகு போனில் பேசும்போது ராணுவம், சண்டை, பையன் எங்கே என்று எதுவும் கேட்காதீர்கள், அவர்கள் படத்தையோ பெயரையோ எங்கேயும் போடாதீர்கள். ஃபேஸ்புக் 2021-லிருந்தே இங்கே தடை, விபிஎன் வைத்திருப்பதற்கே போனை வாங்கிப் பார்க்கிறார்கள். பணம் அனுப்ப நினைத்தால் முதலில் அவர்களையே கேளுங்கள், எந்த வழியாக வந்தால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.